கித்தாக் காட்டு வரலாறு – 17: மருந்தென்று வந்த மது

கெல்லி மாளிகைக்குப் போகாத ஈப்போக்காரரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறை, தமிழ்நாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குக் காட்ட ஒரு முறை என்று எல்லாரும் ஏறி இறங்கிய கட்டடம். ஆவிக் கதைக்கும் சுரங்கப் பாதைக்கும் நிறைய நேரம் ஒதுக்கும் வழிகாட்டிகள், கீழே இருக்கும் ஒயின் கிடங்கை ஒரு கையசைப்போடு கடந்துவிடுவார்கள். வரலாறு எழுதுகிறவன் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய அறை அதுதான்.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, காடு வெட்டும் குத்தகையில் பணம் பார்த்து, கிந்தாப் பள்ளத்தாக்கில் ரப்பர் போட்டார். 1915-ல் தொடங்கிய பெரிய மாளிகைக்கு இந்தியாவிலிருந்து செங்கல் வந்தது, கொத்தனாரும் வந்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உலகை உலுக்கிய விஷக்காய்ச்சல் தோட்டத்தையும் பிடித்தது. தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியவர்கள் துரையிடம் கேட்டது மாரியம்மனுக்கு ஒரு கோயில். துரை கட்டிக் கொடுத்தார். கோயிலின் மேல் சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உருவம் ஒன்று நிற்பதை இன்றும் பார்க்கலாம். 1926-ல் ஐரோப்பா போன ஸ்மித், போர்த்துகலின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை முடியவில்லை. வீடே முடியாதபோது கிடங்கு நிறைந்திருக்க வழியில்லை.

ஆனாலும் காட்டை வெட்டிக் கட்டிய வீட்டில் ஒயினுக்கென்று தனி அறை வேண்டும் என்று ஒருவர் நினைத்தாரே, அந்த நினைப்புக்குப் பின்னால் இருநூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. அவர் பிறந்த சமுதாயத்தில் ஒயின் விருந்துக்கும் உரியது, மருந்துக்கும் உரியது. அவருடைய லயத்தில் இருந்தவர்கள் குடித்த கள்ளோ சட்டத்துக்கும் கணக்குக்கும் உரிய சங்கதி. சாராயச் சத்து இரண்டிலும் ஒன்றே. அதற்கு மருந்து என்று பெயர் வைக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே இந்த இதழின் கதை.

போர்ட் ஒயினிலிருந்து தொடங்குவோம். பிரான்சோடு ஓயாமல் சண்டை போட்ட இங்கிலாந்துக்குப் பிரெஞ்சு ஒயின் கசந்தது. 1703-ல் போர்த்துகலோடு மெத்துவன் ஒப்பந்தம் போட்டது. போர்த்துகீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. பதிலுக்கு ஆங்கிலேயக் கம்பளித் துணி போர்த்துகலுக்குள் நுழையும். டோரோ ஆற்றங்கரையில் விளைந்த திராட்சை போர்ட்டோ துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போனது. 1756-ல் பொம்பால் பிரபு அந்த ஆற்றங்கரைக்கு எல்லை வகுத்து, கலப்படத்துக்குக் காவல் போட்டார். திராட்சைச் சாறு பாதி நொதித்திருக்கும்போதே அதில் திராட்சைச் சாராயத்தை ஊற்றுவது போர்ட்டின் தொழில்நுட்பம். நொதியம் செத்துவிடும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். நூற்றுக்கு 20 பங்கு சாராயமும் தித்திப்புமாக அது கப்பல் பயணத்தைத் தாங்கும். கெடாத பண்டம், இனிக்கும் பண்டம், கொஞ்சம் குடித்தாலே உடம்பு சூடாகும் பண்டம். மருத்துவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அவர்கள் ஏற்கெனவே ஒயினைக் கையாளத் தொடங்கியிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் டால்போர் என்ற நாட்டு வைத்தியர் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லசின் முறைக்காய்ச்சலைத் தீர்த்துப் பேர் வாங்கினார். பிரெஞ்சு இளவரசருக்கும் அதே மருந்து. அதன் ரகசியத்தைப் பதினான்காம் லூயி பெரும்பணம் கொடுத்து வாங்கி, டால்போர் இறந்தபின் 1682-ல் வெளியிட்டார். பார்த்தால் சின்கோனா பட்டையை ஒயினில் ஊறவைத்த கஷாயம்! நோயைத் தீர்த்தது பட்டையில் இருந்த கொயினா. பெயரில் பாதியை ஒயின் தட்டிக்கொண்டு போனது.

அடுத்த நூற்றாண்டில் இந்த நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. கேம்பிரிட்ஜில் படித்த நோஞ்சான் சிறுவன் வில்லியம் பிட்டுக்கு டாக்டர் ஆடிங்டன் எழுதிக் கொடுத்த மருந்து, நாளும் போர்ட் ஒயின். சிறுவன் 24 வயதில் பிரதமரானான், மருந்தை விடவில்லை, 46 வயதில், 1806-ல் இறந்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் ராபர்ட் பென்ட்லி டாட் காய்ச்சல்காரர்களுக்கு மணிக்கொரு தரம் பிராந்தி புகட்டினார். அவரிடம் படித்தவர்கள் சாம்ராஜ்யம் முழுக்கப் பரவினார்கள். பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே ஒயின்களுக்குத் தனி வரிசை இருந்தது: கொயினா கலந்த ஆரஞ்சு ஒயின், இபிகாக் வேர் கலந்த ஷெரி, கீல்வாதத்துக்குக் கோல்சிகம் கலந்த ஷெரி. கீல்வாதத்தை வரவழைக்கும் பழி போர்ட் குடிக்கு உண்டு. அதைத் தீர்க்கும் மருந்தும் ஒயினில்தான் வந்தது. வியாபாரம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்.

எதிர்ப்பே இல்லாமல் இல்லை. மதுவை மருந்தாகத் தருவதை முடிந்தவரை தவிர்க்கும் மருத்துவமனை ஒன்றை மதுவிலக்குக்காரர்கள் 1873-ல் லண்டனில் திறந்தே காட்டினார்கள். நோயாளிகள் பிழைக்கத்தான் செய்தார்கள்.

இந்தப் படிப்போடுதான் ஆங்கிலேய டாக்டர்கள் தைப்பிங்குக்கும் பத்து காஜாவுக்கும் வந்து இறங்கினார்கள். கிளப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈப்போ கிளப் 1895-ல் பிறந்தது. அங்கே அன்றாடம் ஓடியது விஸ்கியில் பாதி சோடா ஊற்றிய 'ஸ்தெங்கா'. வெயில் நாட்டுக்குப் போர்ட் கொஞ்சம் கனம். அரசருக்கு வாழ்த்துச் சொல்லும் பெரிய விருந்துக்குத்தான் அது மேசையேறும்.

தோட்டத்துக் கதை வேறு. புதுக்காடு வெட்டிய தோட்டங்களில் மலேரியா ஆளைக் கொத்துக் கொத்தாய் அள்ளியது. மருந்து அதே கொயினா. ஆனால் ஆரஞ்சு ஒயினும் ஷெரியும் லயத்துக்கு வரவில்லை. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்து, கசக்கக் கசக்க வாயில் ஊற்றி, விழுங்கியாயிற்றா என்று பார்த்து அனுப்பினார்கள். கசப்பை மறைக்கும் தித்திப்பு ஆளைப் பார்த்துத்தான் கிடைத்தது.

லயத்து ஆளுக்குக் கிடைத்தது கள்ளு. ஐக்கிய மலாய் மாநிலங்களின் சட்டப்படி உரிமம் பெற்றுத் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடத்தலாம். இன்ன நேரத்துக்குத் திறந்து இன்ன நேரத்துக்கு மூடவேண்டும் என்று விதி. லாபம் தொழிலாளர் நலநிதிக்குப் போகும். அந்த நிதியிலிருந்து கோயில் திருவிழாவுக்குப் பணம் வரும், விளையாட்டுக்கும் வரும். பெரட்டில் பேர்போட்டு உழைத்த கூலி சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போய், ஆடி மாதம் அம்மன் தேராகத் திரும்பி வந்தது. தொழிலாளியின் பணத்தைத் தொழிலாளிக்கே தருமமாய்க் கொடுத்த இந்த ஏற்பாட்டை நிர்வாகங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டன.

கடையை மூடு என்று கேட்டவர்களுக்குத் தோட்ட முதலாளிகள் இரண்டு பதில் வைத்திருந்தார்கள். கள்ளு இல்லாவிட்டால் ஆள் சம்சுவுக்குப் போய்விடுவான் என்பது ஒன்று. கள்ளு சத்துள்ளது என்பது மற்றது. துரையின் ஒயினுக்குச் சொன்ன அதே வாதம், வேறு வாயிலிருந்து!

இரண்டாவது வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. பசிபிக் கடலில் நவ்ரூ என்று ஒரு சிறு தீவு. நிர்வாகம் அங்கே தென்னங்கள்ளைத் தடை செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் தீட்டிய வெள்ளரிசிக்கு மாறிவிட்டிருந்த தாய்மாரின் பிள்ளைகள் பெரிபெரி கண்டு மடிய ஆரம்பித்தன. 1920-களில் அங்கே மருத்துவ அதிகாரியாக இருந்த பிரே காரணத்தைக் கண்டுபிடித்தார். கள்ளில் இருக்கும் நொதியத்தில் பி வைட்டமின் நிறைய உண்டு. தாய்க்கு அது நின்றதும் பாலில் குறைந்துபோயிற்று. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கள்ளைத் திரும்பக் கொடுத்ததும் சாவு குறைந்தது. ஒரு மது உண்மையிலேயே மருந்தாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அங்கேயும் வேலை செய்தது நொதியம். சாராயச் சத்து அல்ல.

அப்படியானால் பேராக் தோட்டத்துத் தமிழருக்கும் கள்ளு அந்த வகையில் உதவியிருக்குமே என்று கேட்கலாம். அதற்கு விடை நம்முடைய சோற்றுப் பானையில் இருக்கிறது. கிந்தா ஈயச் சுரங்கங்களில் வெள்ளரிசிச் சோறு சாப்பிட்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியில் ஏராளமாக மாண்டபோது, பக்கத்திலேயே வேலை செய்த தமிழரை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து 1907-ல் புத்தகமே எழுதினார். தமிழர் சாப்பிட்டது புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிரேசரும் ஸ்டான்டனும் ஜெலபுவில் சாலைத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்து அதை உறுதி செய்தார்கள். ஆக, நவ்ரூத் தாய்க்குக் கள்ளு செய்த வேலையைத் தமிழ்த் தாய்க்குப் புழுங்கலரிசி செய்துகொண்டிருந்தது. லயத்துக் கள்ளுக்கு மருந்துப் பட்டம் சூட்ட அன்றைக்கே அறிவியல் இடம் தரவில்லை.

குடித்தவன் வீட்டாருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. சம்பள நாள் சண்டையே அவர்களுக்குப் போதுமான சான்று. தன் தோப்புத் தென்னைகளைக் கள்ளுக்கு விடமாட்டேன் என்று வெட்டிச் சாய்த்த பெரியார், 1929 டிசம்பர் கடைசியில் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டுக்கு வந்தார். (பிற்காலத்தில் ராஜாஜியின் மதுவிலக்கை அவர் எதிர்த்தது தனிக்கதை.) 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, சம்பள உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதோடும் சேர்ந்து, கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கைப் பட்டியலில் நின்றது. அதற்கு அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் செத்தனர். போருக்குப் பிறகு கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பிக் கடை வாசல்களில் மறியல் செய்தது. 1947-ல் பீடோங் பக்கம் போலீசோடு மோதல் வரை போயிற்று. சத்துள்ள பானத்தை விற்கும் கடைக்குக் காவல் போட அரசாங்கம் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்தால், வாதத்தில் சத்தை விட வருமானம் அதிகம் இருந்தது தெரியும்.

இதற்கிடையே இன்னொரு போத்தல் சத்தமில்லாமல் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. 1887-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கோல்மன் கம்பெனி, ஒயினில் இறைச்சிச் சாற்றையும் மால்ட்டையும் கலந்து ஒரு டானிக் விற்கத் தொடங்கியது. பிறகு அதன் பெயர் வின்கார்னிஸ். ஆயிரக்கணக்கான டாக்டர்கள் சிபாரிசு செய்கிறார்கள் என்று விளம்பரம். சிங்கப்பூர், மலாயா ஆங்கில நாளேடுகளிலும் அது வெளிவந்தது. 1914-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த மாதிரி மருந்துகளை விசாரித்தது. மருந்து ஒயின்களில் போர்ட்டுக்கு நெருக்கமான சாராயம் இருக்கிறது, குடிப்பழக்கமே இல்லாத பெண்கள் டானிக் என்று நம்பிக் குடித்து அடிமையாகிறார்கள் என்று அறிக்கை எழுதியது. உலகப் போர் வந்தது; அறிக்கை தூங்கிப்போயிற்று. டாக்டர்கள் மருந்துச் சீட்டிலிருந்து ஒயினை மெல்ல மெல்ல எடுத்துவிட்டார்கள். கடைக்காரர்கள் அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.

பேராக்கில் அது போய் நிலைத்த இடம் பிள்ளை பெற்றவள் அறை. நம் வீடுகளில் பத்திய மருந்து அரைத்து, பூண்டுக் குழம்பு வைத்து, கூடவே ஒரு மூடி பிராந்தியோ வின்கார்னிசோ கொடுத்த கிழவிகளை வாசகர்களில் பலர் அறிவார்கள். "உடம்பு சூடா இருக்கணும், வாயு சேரக்கூடாது, ஒரு மூடி குடிச்சிடும்மா" என்பதுதான் விளக்கம். ஆச்சரியம் என்னவென்றால் அடுத்த வீட்டுச் சீனப் பாட்டியின் விளக்கமும் அதேதான். அவர்கள் பெனடிக்டின் போத்தலை வாங்கினார்கள், அல்லது தாங்களே அரிசி ஒயின் வடித்தார்கள். இரும்புச் சத்து என்று நம்பிக் கறுப்பு ஸ்டவுட் குடித்தவர்கள் இரு பக்கமும் உண்டு. சித்தியவானுக்கு 1903-ல் வந்து குடியேறிய ஃபூச்சோ சீனர்கள் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். மெதடிஸ்ட் திருச்சபையோ நற்கருணைக்குக்கூட நொதிக்காத திராட்சைச் சாற்றை வைக்கும் அளவு மதுவிலக்கில் கண்டிப்பானது. ஆனால் சித்தியவானின் பேர்போன உணவு சிவப்பு அரிசி ஒயின் ஊற்றிய மீ சுவா; பிள்ளை பெற்றவளுக்கு அதுவே முதல் சாப்பாடு. குடித்தால் பாவம், கோழியில் ஊற்றினால் பத்தியம். இந்தச் சமரசத்தை நான் குறை சொல்லமாட்டேன். தசமூலாரிஷ்டத்தைக் கஷாயம் என்று குடிக்கும் நாமும் அந்த வகைதான். அரிஷ்டங்கள் நொதித்து உண்டாகும் சாராயத்தாலேயே கெடாமல் இருப்பவை.

இதுவரை கதையில் ஏமாந்தவர்கள் உண்டு, ஆனால் பெரிதாகக் கெட்டவர்கள் குறைவு. இனி வருவது அப்படியல்ல.

1970-களுக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீட்டுமனையாகின. கள்ளுக்கடை ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. தோட்ட முதலாளிகள் அந்தக் காலத்தில் பயமுறுத்திய சம்சு இப்போது உண்மையிலேயே வந்தது. கள்ளச் சாராயமாக மட்டுமல்ல, உரிமத்தோடு, லேபிளோடு, உள்ளங்கையில் அடங்கும் சிறு போத்தலில், தோட்டத்து மளிகைக் கடைவரை. சில வெள்ளிக்குக் கிடைக்கும் அதில் கள்ளைவிடப் பல மடங்கு சாராயம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆண்டுக்கணக்காக இந்தப் போத்தல்களைச் சேகரித்துப் பேசியது. அவற்றின் லேபிள்களை அந்தச் சங்கம் எடுத்துக்காட்டியபோது தெரிந்த சங்கதி இதுதான்: உடம்பு வலிக்கு நல்லது, வாதத்துக்கு நல்லது, செரிமானத்துக்கு நல்லது, முதியவர்களுக்கு ஏற்றது, பால் கொடுக்கும் தாய்க்கு உகந்தது. டாட் டாக்டரும் கோல்மன் கம்பெனியும் பணக்காரர்களுக்குச் சொன்ன அதே வரிகள்! லண்டன் மருத்துவமனை கைவிட்ட மருந்துச் சீட்டை நூறு ஆண்டு கழித்து யாரோ பொறுக்கியெடுத்து, வெட்டுக்கத்தியோடு வேலை முடித்து வரும் தமிழனிடம் விற்றிருக்கிறார்கள். முதுகு வலி அவனுக்கு உண்மை. லேபிள்தான் பொய்.

இதைச் செய்தவர்கள் அறியாமல் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. கிழவி கொடுத்த ஒரு மூடிக்குப் பின்னால் பாசமும் பழக்கமும் இருந்தன. இந்த லேபிளுக்குப் பின்னால் யாரிடம் எது விலைபோகும் என்ற கணக்கு இருந்தது. மருந்து என்ற பெயரைத் துரைமார் தங்கள் ஒயினுக்கு வைத்துக்கொண்டபோது தமிழனுக்கு அதில் பங்கில்லை. அந்தப் பெயர் செல்லாக்காசான பிறகு அவன் கையில் கொடுத்தார்கள்.

சட்டம் தாமதமாக வந்தது. 2017 டிசம்பர் முதல் மலேசியாவில் மது வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. கலவை மதுவை 700 மில்லிக்குக் குறைந்த போத்தலில் விற்கக்கூடாது என்றும் விதி வந்தது. சில வெள்ளிப் போத்தலின் வியாபாரத்தைக் குறிவைத்த விதி அது. நல்ல விதி. ஒரு தலைமுறைக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது.

பால் கொடுக்கும் தாய்க்கு உகந்தது என்ற வரியை மட்டும் அறிவியலிடம் கேட்டு முடித்துவிடலாம். 1991-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மெனெல்லா, போச்சாம் என்ற இரு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். தாய் குடித்தால் அவள் இரத்தத்தில் இருக்கும் அளவுக்கு ஒப்பப் பாலிலும் சாராயம் வந்துவிடுகிறது; அந்த மணிகளில் பிள்ளை வழக்கத்தைவிடக் குறைவாகவே பால் குடிக்கிறது. பால் ஊறும் என்று கொடுத்த மருந்து பிள்ளையின் வயிற்றைக் குறைத்திருக்கிறது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் கிடையாது என்று அந்நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ பிள்ளை பெற்று வந்து படுத்திருந்தால், பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும் தாராளமாகக் கொடுங்கள். டானிக் போத்தலைத் திறப்பதற்கு முன் மட்டும் அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும் சாராய விழுக்காட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

(தொடரும். அடுத்த இதழில்: ஆயாக்கொட்டகை)